கேப்டன் லட்சுமியின் மீதி வாழ்க்கை: சென்னை மருத்துவக் கல்லூரி மாணவர்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள மாணவ மாணவியருக்கு,

வணக்கம். அரசு மருத்துவமனைகளின் பிரசவ வார்டுகளில் செவிலியராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவள் நான். உங்கள் கல்லூரியில் படித்தவள் இல்லை. ஆனால் அங்கே படித்துவிட்டு வந்த ஹவுஸ் சர்ஜன்களோடும், மேற்படிப்பு படிக்கிற பிஜிக்களோடும் நிறைய இரவு டூட்டி பார்த்திருக்கிறேன். முதல் பிரசவம் பார்க்கும்போது கை நடுங்கிய டாக்டர்களின் பக்கத்தில் நின்றிருக்கிறேன். வயதில் நீங்கள் எனக்குப் பேரப்பிள்ளைகள். அந்த உரிமையில், உங்கள் சீனியர் ஒருவரைப் பற்றி உங்களிடம் பேச வேண்டும் என்று ரொம்ப நாளாக நினைத்திருந்தேன்.

அவர் 1938-இல் உங்கள் கல்லூரியில் எம்பிபிஎஸ் முடித்தவர். அடுத்த ஆண்டே மகப்பேறு மருத்துவத்தில் டிப்ளமோவும் வாங்கினார். பெயர் லட்சுமி சுவாமிநாதன். திருமணத்துக்குப் பிறகு லட்சுமி சாகல். நாடு முழுக்க அவரைக் கேப்டன் லட்சுமி என்றுதான் தெரியும்.

இந்தப் பெயரைக் கேட்டதும் உங்கள் கண்முன் வருவது பெரும்பாலும் அந்தப் பழைய கறுப்பு வெள்ளைப் படமாகத்தான் இருக்கும். ராணுவச் சீருடை, தொப்பி, பக்கத்தில் நேதாஜி, எதிரே துப்பாக்கியோடு வரிசையாக நிற்கும் பெண்கள். நல்ல படம்தான். ஆனால் அது 1943-ஆம் ஆண்டின் காட்சி. அப்போது அவருக்கு 28 வயது. அவர் காலமானது 2012 ஜூலை 23-இல், 97 வயதில். சீருடையில் இருந்தது சுமார் இரண்டு ஆண்டு. மருத்துவராக இருந்தது கிட்டத்தட்ட எழுபது ஆண்டு. அந்த இரண்டு ஆண்டை மட்டும் எடுத்து வைத்துக்கொண்டு மீதியை நாம், அவர் பிறகு குடியேறிய கான்பூரின் மக்களிடம் விட்டுவிட்டோம். எனக்கு ஆறாத குறை இதுதான். அந்த மீதிதான் உங்களுக்குச் சேர வேண்டியது என்று நினைக்கிறேன். அதற்காகத்தான் இந்த மடல்.

அவர் பிறந்தது சென்னையில், 1914 அக்டோபர் 24. அப்பா சுவாமிநாதன், உயர் நீதிமன்றத்தில் பெயர்பெற்ற வழக்கறிஞர். அம்மா அம்மு சுவாமிநாதன், பாலக்காட்டுப் பக்கம் ஆனக்கரையைச் சேர்ந்தவர். அரசியல் நிர்ணய சபையில் உறுப்பினராக இருந்த சில பெண்களில் ஒருவர், பிறகு 1952 தேர்தலில் திண்டுக்கல்லில் ஜெயித்து மக்களவைக்குப் போனவர். தங்கை மிருணாளினி சாராபாய் நடனத்தில் புகழ்பெற்றார். காசு, செல்வாக்கு, படிப்பு எல்லாம் இருந்த வீடு. அப்படிப்பட்ட வீட்டுப் பெண் மகப்பேறு மருத்துவம் படித்துவிட்டு, திருவல்லிக்கேணி கோஷா ஆஸ்பத்திரியில் வேலைக்குச் சேர்ந்தார். இன்றைக்கு நீங்கள் கஸ்தூரிபா காந்தி மருத்துவமனை என்று சொல்கிற அதே இடம்தான். அதைத் தொடங்கி வைத்த மேரி ஷார்லீப் அம்மையாரும் 1875-இல் உங்கள் கல்லூரியில் சேர்ந்து படித்தவர் என்பதையும் சேர்த்தே சொல்லிவிடுகிறேன். ஆண் மருத்துவரிடம் போக முடியாத பெண்கள் பிரசவத்தில் செத்துக்கொண்டிருந்த காலத்தில், அவர்களுக்காகவே 1885-இல் கட்டிய மருத்துவமனை அது. லட்சுமி தொழில் பழகியது அந்த மரபில்.

1940-இல் அவர் சிங்கப்பூர் போனார். முதல் திருமணம் சரியாக அமையவில்லை, புதிய ஊரில் புதிதாகத் தொடங்க நினைத்தார். வசதியான குடும்பங்களை மட்டும் பார்த்துக்கொண்டு அங்கே நிம்மதியாக இருந்திருக்கலாம். அவர் கிளினிக் வைத்தது இந்தியாவிலிருந்து பிழைக்கப் போன ஏழைத் தொழிலாளர்களுக்காக. அதில் நம் ஊர்க்காரர்கள் எத்தனை பேர் இருந்திருப்பார்கள் என்று உங்களுக்கே தெரியும். 1942 பிப்ரவரியில் சிங்கப்பூர் ஜப்பானியர் கையில் விழுந்தது. காயம்பட்டுக் கிடந்த போர்க் கைதிகளுக்கு அவர் மருத்துவம் பார்த்தார். ஜப்பானின் துணையோடு பிரிட்டிஷாரை எதிர்க்க உருவான இந்திய தேசிய ராணுவம் என்ற பேச்சு அவர் காதுக்கு வந்தது அந்த வார்டுகளில்தான். இதைக் கவனியுங்கள்: ராணுவம்கூட அவரிடம் நோயாளிகளின் வழியாகத்தான் வந்து சேர்ந்தது.

1943 ஜூலை 2-இல் சுபாஷ் சந்திர போஸ் சிங்கப்பூர் வந்தார். பெண்களுக்கென்று தனிப் படை வேண்டும் என்றார். அதை உருவாக்கும் பொறுப்பை லட்சுமி ஏற்றுக்கொண்டார். அக்டோபர் 21-இல் அறிவித்த ஆசாத் இந்த் அரசில் மகளிர் துறை அமைச்சரும் அவரே. மறுநாள் ராணி ஜான்சி படையின் பயிற்சி முகாம் திறந்தது. படையில் சேர்ந்தவர்களில் பெரும்பகுதி மலாயா ரப்பர் தோட்டங்களில் பால் வெட்டிய தமிழ்க் குடும்பங்களின் பெண்கள். பலர் இந்தியாவைக் கண்ணால் பார்த்ததே இல்லை. எழுதப் படிக்கத் தெரியாதவர்களும் இருந்தார்கள். தோட்டத்தில் துரைக்கும் கங்காணிக்கும் பயந்து வளர்ந்த பெண்பிள்ளை, தலைமுடியை வெட்டிக்கொண்டு துப்பாக்கியைத் தோளில் சாய்த்து நிற்கிறாள் என்றால் அது சாதாரண விஷயமா?

இங்கே ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். அதே காலத்தில்தான் ஜப்பானிய ராணுவம் சயாம்–பர்மா ரயில் பாதை போட, மலாயாத் தோட்டங்களிலிருந்து தமிழர்களை அள்ளிக்கொண்டு போனது. சுமார் 415 கிலோமீட்டர் பாதை. காலராவிலும் மலேரியாவிலும் பட்டினியிலும் பல்லாயிரம் தமிழர்கள் அங்கே செத்தார்கள். தண்டவாளம் போட்டு முடித்தது 1943 அக்டோபரில், அந்தப் பெண்கள் முகாமுக்குள் அடியெடுத்து வைத்த அதே மாதம். ஒரே தோட்டத்தில் அப்பாவை ரயில் பாதைக்குப் பறிகொடுத்த வீடுகளும் இருந்தன, மகளைப் படைக்கு அனுப்பிய வீடுகளும் இருந்தன. ஜப்பானோடு சேர்ந்து நின்றது சரியா தவறா என்று வரலாறு படித்தவர்கள் இன்னும் வாதாடுகிறார்கள். வாதாடட்டும், அது நியாயமான வாதம். லட்சுமியின் வாழ்க்கையில் இரண்டு கருத்துக்கு இடமுள்ள பகுதி அது. அதற்குப் பிறகு வருகிற அறுபத்தைந்து வருஷத்தில் அப்படி ஒரு வாதத்துக்கு எனக்கு இடம் தெரியவில்லை. அப்படியிருந்தும் நாம் மாலை போடுவது முன்னதற்குத்தான்.

போரைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லி முடிக்கிறேன். படை பர்மாவுக்குப் போனது. மேமியோவில் அந்தப் பெண்கள் களத்துக்குப் போகக் காத்திருந்தார்கள். வாய்த்தது பெரும்பாலும் ஆஸ்பத்திரி வேலை. இம்பால் போரில் தோற்றுச் சிதைந்து திரும்பிய ஆண்களுக்குக் கட்டுப் போட்டார்கள், புழு வைத்த புண்ணைக் கழுவினார்கள். பின்வாங்கும்போது ரயில்மீது நடந்த தாக்குதலில் ஸ்டெல்லா, ஜோசபின் என்ற இரண்டு பெண்கள் இறந்தார்கள். லட்சுமி 1945-இல் பிரிட்டிஷ் ராணுவத்திடம் சிக்கினார். பர்மாவிலேயே காவலில் வைத்திருந்து 1946 மார்ச்சில் இந்தியாவுக்கு அனுப்பினார்கள்.

அப்போது அவர் நினைத்திருந்தால் என்னவாகவும் ஆகியிருக்கலாம். இந்திய தேசிய ராணுவ அதிகாரிகள்மேல் டெல்லி செங்கோட்டையில் பிரிட்டிஷார் நடத்திய விசாரணையால் நாடே கொதித்துப்போயிருந்த நேரம். இந்திய தேசிய ராணுவத்துக்காரர் என்றால் ஊருக்கு ஊர் வரவேற்பு. அம்மா அரசியல் நிர்ணய சபையில். டெல்லியில் கதவைத் தட்டினால் திறந்திருக்கும். அவர் 1947 மார்ச்சில் லாகூரில் பிரேம் குமார் சாகலைக் கல்யாணம் செய்துகொண்டார். செங்கோட்டை வழக்கில் குற்றம் சாட்டப்பட்ட மூவரில் ஒருவர் அவர். சுதந்திர இந்தியாவின் ராணுவத்திலும் அவர்களைப் போன்றவர்களுக்கு இடமில்லை என்று ஆகிவிட்டது. இருவரும் கான்பூருக்குப் போய்க் குடியேறினார்கள். ஆலைகள் நிறைந்த, புகை பிடித்த, தொழிலாளர் ஊர். தமிழும் மலையாளமும் பேசி வளர்ந்த பெண்ணுக்கு அங்கே சொந்தம் பந்தம் எதுவும் இல்லை.

அங்கே அவருக்கு முதலில் வந்தவர்கள் அகதிகள். பிரிவினையில் எல்லாவற்றையும் இழந்து பஞ்சாபிலிருந்தும் சிந்துவிலிருந்தும் வந்து சேர்ந்தவர்கள். அவர்களுக்கு வைத்தியம் பார்த்தார். அதே ஊரின் முஸ்லிம் பெண்களுக்கும் பார்த்தார். ஒருவரை ஒருவர் வெட்டிக்கொண்டிருந்த காலத்தில் இரண்டு தரப்பும் நம்பி வந்த இடமாக அவர் கிளினிக் இருந்தது. பிரசவ வார்டில் வேலை பார்த்தவளாகச் சொல்கிறேன், அந்த நம்பிக்கை ஒரு நாளில் வருவதில்லை. ஒரு பெண் வலியில் கிடக்கும்போது மானம், பயம், மதம் எல்லாவற்றையும் எதிரே நிற்கிற ஒருத்தியின் கையில் ஒப்படைக்கிறாள். அந்தக் கை என்ன சாதி, என்ன மொழி என்று அவள் அப்போது கேட்பதில்லை. ஆனால் அந்தக் கை தன்னை எப்படித் தொட்டது என்பதை ஆயுளுக்கும் மறப்பதில்லை. வீட்டுக்குப் போய் நாத்தனாரிடமும் பக்கத்து வீட்டுக்காரியிடமும் சொல்வாள். ஒரு டாக்டரின் பெயர் ஒரு பேட்டை முழுக்கப் பரவுவது இப்படித்தான்.

கான்பூரின் ஆர்ய நகரில் அவர் நடத்திய மகப்பேறு கிளினிக் பல பத்தாண்டுகள் ஓடியது. தொண்ணூறைத் தாண்டிய வயதிலும் அவர் அங்கே போய் நோயாளிகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். இதை ஒரு வரியில் எழுதிவிட்டுக் கடந்துவிட எனக்கு மனமில்லை. மகப்பேறு மருத்துவம் எப்படிப்பட்ட வேலை என்று நீங்கள் இப்போதுதான் தெரிந்துகொள்ள ஆரம்பித்திருப்பீர்கள். பிரசவம் உங்கள் வசதி பார்த்து வருவதில்லை. சாப்பாட்டில் கை வைத்ததும் கூப்பிடுவார்கள். எல்லாம் நல்லபடியாகப் போய்க்கொண்டிருக்கும், குழந்தை அழுதுவிடும், எல்லோரும் சிரிப்பார்கள். அப்புறம் நஞ்சுக்கொடி விழுந்ததும் ரத்தம் நிற்காது. பத்து நிமிஷத்தில் எல்லாம் தலைகீழாகிவிடும். அந்தப் பத்து நிமிஷத்தில் நிதானம் தவறாமல் நிற்பதற்காகத்தான் வருஷக்கணக்கில் பயிற்சி. லட்சுமி தொழில் தொடங்கிய காலத்தில் நம் நாட்டில் பெரும்பாலான பிரசவங்கள் வீட்டில்தான் நடந்தன. ரத்த வங்கி என்பது பெரிய நகரங்களில்கூட அரிது. இன்றைக்கு தமிழ்நாட்டில் ஏறக்குறைய எல்லாப் பிரசவங்களும் மருத்துவமனையில் நடக்கின்றன. நீங்கள் நிற்கப்போகும் அறையில் ஆக்சிஜன் இருக்கும், ரத்தம் இருக்கும், கூப்பிட்டால் 108 வரும். அவருக்கு அந்த வசதிகள் இல்லை. இருந்தும் ஒவ்வொரு நாளும் கிளினிக் கதவைத் திறந்தார். துப்பாக்கியோடு ஒரு நாள் அணிவகுத்து நிற்பதற்கு வேண்டிய துணிச்சலைவிட இதற்கு வேண்டியது கூடுதல் என்று நான் மனதார நம்புகிறேன்.

ஆனால் அவர் கிளினிக்குக்குள்ளேயே உட்கார்ந்திருந்தவரும் இல்லை. 1971-இல் கிழக்கு பாகிஸ்தானிலிருந்து ஏறத்தாழ ஒரு கோடி பேர் இந்தியாவுக்குள் ஓடி வந்தார்கள். டாக்டர்களும் மருந்துகளும் வேண்டும் என்று மேற்கு வங்க மார்க்சிஸ்ட் தலைவர் ஜோதி பாசு கேட்டிருந்தார். லட்சுமி துணிமணிகளையும் மருந்துகளையும் கட்டி எடுத்துக்கொண்டு எல்லையோரம் போங்கானுக்குப் போனார். சில வாரங்கள் அங்கேயே தங்கி முகாம்களில் வேலை பார்த்தார். வயது 56. போங்கான் என்ற பெயர் உங்கள் பாடத்திலும் ஒரு நாள் வரும், வராவிட்டால் நீங்களே தேடிப் படியுங்கள். அதே ஆண்டு அதே போங்கானில்தான் டாக்டர் திலீப் மகாலனபிஸ், சலைன் பாட்டில்கள் தீர்ந்துபோன நிலையில், உப்பும் சர்க்கரையும் கலந்த கரைசலைப் பீப்பாய்களில் வைத்துக் காலரா நோயாளிகளின் உறவினர்களையே கொடுக்கச் செய்தார். முப்பது சதவீதத்தை ஒட்டி இருந்த இறப்பு நான்கு சதவீதத்துக்கும் கீழே வந்தது. இன்றைக்கு அங்கன்வாடி வரைக்கும் கிடைக்கும் ஓஆர்எஸ் பொட்டலம் உலகத்தின் நம்பிக்கையைப் பெற்றது அந்தச் சேற்றில்தான். அந்த மாதிரி இடங்களில் மருத்துவம் தானும் வளர்கிறது. பெரிய மருத்துவமனையை விட்டு வெளியே போனால் கற்றது மறந்துபோகும் என்று பயப்படுகிறவர்களுக்காக இதைச் சொல்கிறேன்.

அடுத்து 1984. அந்த வருஷம் அக்டோபர் 24-இல் அவருக்கு எழுபது வயது நிறைந்தது. சரியாக ஒரு வாரம் கழித்து இந்திரா காந்தி கொல்லப்பட்டார். சீக்கியர்களைத் தேடித் தேடிக் கொன்றார்கள். டெல்லிக்கு அடுத்தபடி அதிகம் பேரை இழந்த ஊர்களில் கான்பூரும் ஒன்று. எழுபது வயதுப் பெண்மணி தெருவில் இறங்கி அந்தக் கும்பல்களுக்கு எதிரே நின்றார். அவர் கிளினிக்கைச் சுற்றியிருந்த நெரிசலான பகுதியில் சீக்கியர்மேலும் அவர்கள் கடைகள்மேலும் கை வைக்க விடவில்லை. அந்தக் கும்பலில் எத்தனை பேர் அவர் கையில் பிறந்தவர்கள் என்று நான் யோசித்துப் பார்ப்பதுண்டு. அம்மாவுக்குப் பிரசவம் பார்த்த டாக்டர் எதிரே வந்து நின்றால் ஓங்கிய கை தயங்கும்தானே. நாற்பது வருஷம் கிளினிக் நடத்தியதன் பலன் அந்த ஒரு நாளில் தெருவில் தெரிந்தது என்று நான் எடுத்துக்கொள்கிறேன்.

அது முடிந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை, டிசம்பர் 2 இரவு போபாலில் யூனியன் கார்பைடு ஆலையிலிருந்து மீதைல் ஐசோசயனேட் வாயு கசிந்தது. ஊர் தூக்கத்திலேயே செத்தது. லட்சுமி ஒரு மருத்துவக் குழுவோடு போபாலுக்குப் போனார். போனதோடு விடவும் இல்லை. அந்த வாயு கர்ப்பிணிகளுக்கு என்ன செய்தது, பிறகு என்ன செய்துகொண்டிருக்கிறது என்பதைக் குறித்துப் பின்னாளில் அறிக்கையும் எழுதினார். பேரிடர் நடந்த ஊரிலிருந்து பத்திரிகைக்காரர்கள் போன பிறகும் அங்கேயே கருச்சிதைந்துகொண்டிருந்த பெண்களை ஒரு மகப்பேறு மருத்துவரின் கண் மறக்கவில்லை. உங்கள் கையில் இருக்கும் படிப்பு எதற்குப் பயன்படும் என்று கேட்டால் நான் இதைத்தான் காட்டுவேன்.

அவர் மார்க்சிஸ்ட் கட்சியில் இருந்தார். 1981-இல் சென்னையில் தொடங்கிய அனைத்திந்திய ஜனநாயக மாதர் சங்கத்தின் நிறுவனர்களில் ஒருவர். 2002-இல் இடதுசாரிகள் அவரைக் குடியரசுத் தலைவர் தேர்தலில் நிறுத்தினார்கள். எதிரே ராமேசுவரத்தில் பிறந்த அப்துல் கலாம். முடிவு முன்கூட்டியே தெரிந்ததுதான். வாக்கு மதிப்பில் கலாமுக்கு 9,22,884, லட்சுமிக்கு 1,07,366. தோற்போம் என்று தெரிந்தே 87 வயதில் ஊர் ஊராகப் போய்ப் பேசினார். இந்தக் கட்சி விஷயத்தைச் சொல்வதற்கு ஒரே காரணம்தான். அவர் கட்சிக்காரர் என்பதாலேயே அவரை ஒதுக்கி வைக்கிறவர்களும் இருக்கிறார்கள், கட்சிக்காரர் என்பதாலேயே கொண்டாடுகிறவர்களும் இருக்கிறார்கள். இரண்டு பேருமே அந்தக் கிளினிக்கின் கதவைத் தாண்டி உள்ளே வரவில்லை. உங்கள் அரசியல் எதுவாகவும் இருக்கட்டும். அவரிடம் வந்த பெண்களிடம் அவர் அரசியலைக் கேட்டுவிட்டு நாடி பார்த்ததில்லை.

1998-இல் பத்ம விபூஷண் கொடுத்தார்கள். வாங்கிக்கொண்டு கான்பூருக்குத் திரும்பி வந்து வேலையைப் பார்த்தார். இறந்த பிறகு அவர் உடலை அவர் விருப்பப்படியே கான்பூர் கணேஷ் சங்கர் வித்யார்த்தி மருத்துவக் கல்லூரிக்குக் கொடுத்தார்கள். முதலாமாண்டில் அனாட்டமி மேசை முன்னால் நின்றிருக்கிறீர்கள். அந்த மேசையில் கிடப்பவர் யாரோ ஒருவரின் ஆசிரியராகவும் இருக்கலாம், மருத்துவராகவும் இருக்கலாம் என்று இனிமேல் நினைத்துப் பாருங்கள்.

ராணி ஜான்சி படையில் இப்படி வாழ்ந்தவர் அவர் ஒருவர் மட்டும் இல்லை. கோலாலம்பூரின் ஜானகி தேவர் பதினெட்டு வயதில் படையில் சேர்ந்து, ரங்கூனிலிருந்து காட்டு வழியாக நடந்து பின்வாங்கியவர். போருக்குப் பிறகு ஜானகி ஆதி நாகப்பனாக மலேசிய இந்தியர்களுக்காக உழைத்து, செனட்டராகவும் இருந்தார். 2000-இல் இந்திய அரசு அவருக்குப் பத்மஸ்ரீ கொடுத்தது. ஈப்போவில் வளர்ந்த ராசம்மா பூபாலன் பதினாறு வயதில் சேர்ந்தவர். பிறகு ஆசிரியையாகி, தலைமையாசிரியையாகி, ஆண் ஆசிரியர்களுக்குச் சமமான சம்பளம் பெண் ஆசிரியர்களுக்கும் வேண்டும் என்று சங்கம் கட்டிப் போராடினார். இவர்களைப் பற்றித் தமிழ்நாட்டில் எத்தனை பேருக்குத் தெரியும்? தோட்டத்துக்கே திரும்பிப் போய்ப் பால் வெட்டிய, பெயர் தெரியாத மற்ற பெண்களைப் பற்றி யாருக்குத் தெரியும்? இதைத் தேடி எழுத உங்கள் கல்லூரி மலர் நல்ல இடம். மலேசியாவில் உறவுகள் உள்ள மாணவர்கள் உங்களில் நிச்சயம் இருப்பார்கள். வீட்டில் பாட்டிமார்களிடம் கேளுங்கள்.

சரி, உங்களிடம் நான் எதிர்பார்ப்பது என்ன?

சம்பளம் வேண்டாம் என்று தியாகம் செய்யச் சொல்லவில்லை. உங்களில் பலர் கடன் வாங்கிப் படிக்கிறீர்கள், வீட்டில் தம்பி தங்கைகள் இருக்கிறார்கள், நீட் எழுத இரண்டு மூன்று வருஷம் செலவழித்திருக்கிறீர்கள். நாள் முழுக்க டூட்டி பார்த்துவிட்டுப் பிஜி நுழைவுத் தேர்வுக்குப் படிக்கிற பிள்ளைகளை நான் பார்த்திருக்கிறேன். தூக்கத்தில் நடந்து வருவார்கள். அவர்களிடம் இன்னும் கொடு என்று கேட்பது அநியாயம். லட்சுமியும் பட்டினி கிடந்து சேவை செய்தவர் இல்லை. குடும்பம் நடத்தினார், இரண்டு மகள்களை வளர்த்தார், மூத்தவர் சுபாஷினி அலி நாடாளுமன்ற உறுப்பினரானார். தொழிலையும் ஊரையும் அவர் இரண்டாகப் பிரிக்கவில்லை, அவ்வளவுதான். காசு இல்லாதவள் வந்தால் கதவு திறந்திருக்கும், ஊரில் பெரிய துன்பம் வந்தால் டாக்டர் கிளம்பிவிடுவார். ஒரு மருத்துவர் தன் வேலையை ஒழுங்காகச் செய்துகொண்டே இதையும் செய்ய முடியும் என்பதற்கு அவர் வாழ்க்கை ஆதாரம்.

நீங்களும் அப்படிச் செய்தவர்கள்தான், உங்களுக்கு முன்னால் படித்தவர்களும் செய்திருக்கிறார்கள். 2004 சுனாமியின்போது நாகப்பட்டினம் கரைக்குப் போன டாக்டர்கள் உண்டு. 2015 வெள்ளத்தில் இடுப்பளவுத் தண்ணீரில் முகாம்களுக்குப் போனவர்கள் உண்டு. கொரோனா வார்டில் கவச உடைக்குள் வெந்துபோன ஹவுஸ் சர்ஜன்களை யாரும் மறக்கக் கூடாது. ஆபத்துக் காலத்தில் நம் டாக்டர்கள் பின்வாங்கியதே இல்லை. எனக்குள்ள கவலை சாதாரண நாட்களைப் பற்றித்தான். வெள்ளம் வடிந்த பிறகு வருகிற செவ்வாய்க்கிழமை ஓபி. எச்பி, அதாவது ரத்தத்தின் ஹீமோகுளோபின் அளவு, ஏழுக்குக் கீழே இருக்கிற எட்டு மாதக் கர்ப்பிணி, வீட்டு வேலைக்குப் போயாக வேண்டும் என்று அட்மிஷனுக்கு மாட்டேன் என்கிறாள். அவளிடம் உட்கார்ந்து பேச நேரமில்லை, வரிசை நீளம். திட்டி அனுப்பிவிடுகிறோம். அவள் அடுத்த தடவை வருவதில்லை. லட்சுமியின் மீதி வாழ்க்கை முழுவதும் இந்தச் செவ்வாய்க்கிழமைகளால் ஆனது. அந்தப் பெண்ணை நிறுத்தி, பெயர் கேட்டு, மாமியாரையோ புருஷனையோ கூப்பிட்டுப் பேசி, படுக்கையில் சேர்க்கிற ஐந்து நிமிஷத்தைத்தான் உங்களிடம் கேட்கிறேன். அந்த ஐந்து நிமிஷத்தைத் தருவதற்குப் போதுமான டாக்டர்களையும் செவிலியர்களையும் அரசு நியமிக்க வேண்டும் என்று நீங்கள் குரல் எழுப்பினால், அதற்கும் நான் உங்கள் பக்கம்.

இன்னொரு வேண்டுகோள், இது நேரடியானது. அக்டோபர் 24 அவர் பிறந்த நாள். அன்றைக்கு உங்கள் மாணவர் மன்றம் அவர் படத்துக்கு மாலை போட்டால் நல்லது, ஏற்கெனவே போடுகிறீர்கள் என்றால் மகிழ்ச்சி. அதோடு ஒரு வேலையையும் சேர்த்துக்கொள்ளுங்கள். வடசென்னையில் ஆலைத் தொழிலாளர்களும் மீனவர்களும் வெளிமாநிலத்திலிருந்து கட்டட வேலைக்கு வந்தவர்களும் இருக்கிற ஏதாவது ஒரு பகுதியைத் தேர்ந்தெடுத்து, அந்த வாரம் கர்ப்பிணிகளுக்கான முகாம் நடத்துங்கள். மாநகராட்சி ஆரம்ப சுகாதார நிலையத்தோடு சேர்ந்து செய்தால் பதிவும் தொடர் கவனிப்பும் விட்டுப்போகாது. ரத்தசோகை, ரத்த அழுத்தம், சர்க்கரை, கர்ப்பிணிகளின் அரசுப் பதிவுக்கான பிக்மி எண், தடுப்பூசி. பெரிதாக ஒன்றும் வேண்டாம். வெளிமாநிலப் பெண்கள்தான் இன்றைக்கு நம் ஊரில் அதிகம் விடுபட்டுப்போகிறவர்கள். மொழி தெரியாத ஊரில் வலியோடு நிற்கிறவர்கள். பீகாரிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் உத்தரப் பிரதேசத்திலிருந்தும் வந்தவர்கள். மொழி தெரியாமல் கான்பூருக்குப் போன ஒரு சென்னைப் பெண், அந்த ஊர்ப் பெண்களுக்கு அறுபது வருஷம் பிரசவம் பார்த்தார். அந்த ஊர்ப் பக்கத்துப் பெண்கள் இப்போது நம் ஊருக்கு வந்திருக்கிறார்கள். இந்தி தெரிந்த மாணவர் இரண்டு பேரை முகாமில் உட்கார வைத்தால் போதும், பாதிப் பயம் போய்விடும்.

முகாமுக்குத் தேதி குறித்தால் எனக்கும் சொல்லி அனுப்புங்கள். என்னோடு ஓய்வு பெற்ற செவிலியர்கள் சிலரையும் கூட்டிக்கொண்டு வருகிறேன். பிபி பார்ப்பது, எடை போடுவது, அட்டை எழுதுவது, மாத்திரை எப்படிச் சாப்பிட வேண்டும் என்று சொல்லிக் கொடுப்பது எல்லாம் நாங்கள் பார்த்துக்கொள்கிறோம். நோயாளிகளைப் பார்ப்பதற்கு மட்டும் நீங்கள் வந்தால் போதும்.

அன்புடன்,
ஓய்வு பெற்ற செவிலியர் ஒருவர்